மூட்டை கட்டிப் புறப்படும் உயிரணு

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறியோர் அனைவருக்கும் ஓர் உண்மை நன்கு தெரியும். பயணத்தின் உழைப்பிற் பாதி மூட்டை கட்டுவதிலேயே கழிந்துவிடுகிறது. வீடு முழுவதும் பரவிக் கிடக்கும் பாத்திரமும் துணிமணியும் புத்தகங்களும் இருந்தபடியே இருந்தால் ரயில் வண்டியின் குறுகிய வாயிலில் நுழைய மாட்டா. அவற்றை மடித்து, அடுக்கி, இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டியபின் நடுவழியில் ஒரு கரண்டி தேவைப்பட்டால் எடுப்பது கடினம் என்பதையும் நாம் அறிவோம். ஆயினும் புறப்படுவதென்று முடிவு செய்தபின் கட்டாமல் இருக்க முடியாது.

நமது உடலில் உள்ள உயிரணுக்களும் ஏறக்குறைய இதே நியதிக்குக் கட்டுப்பட்டவை என்று அண்மைக்கால விஞ்ஞானம் கூறுகிறது. உயிரணுவின் நடுவில் உட்கரு என்ற உறுப்பு இருக்கிறது. அதனுள்ளே பரம்பரைச் செய்திகளைத் தாங்கிய நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. அந்த இழை எவ்வளவு இறுக்கமாகச் சுருட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, அந்த உயிரணு எவ்வளவு விரைவாக நகரும் என்பதும் மாறுகிறது. இந்தத் தொடர்பு எவ்வாறு கண்டறியப்பட்டது, அதனால் மனிதனுக்கு ஆவது என்ன என்பவற்றையே இங்கு ஆராய்வோம். நம்மவர் பலர் வாழும் மைசூர் நகரம் இந்த ஆராய்ச்சியின் முன்வரலாற்றில் எங்கு வந்து சேர்கிறது என்பதையும் காண்போம்.

உயிரணுக்கள் நகர்கின்றனவா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். நகர்கின்றன என்பது மட்டுமன்று. அவை நகராவிடில் நாம் உயிர் வாழ்வதே அரிது. விரலில் கத்தி பட்டுத் தோல் கிழிந்தால், காயத்தின் இரு கரைகளிலிருந்தும் தோலின் உயிரணுக்கள் ஊர்ந்து வந்து இடைவெளியை மூடுகின்றன. முள் குத்திய இடத்தில் கிருமிகள் நுழைந்தால், இரத்தக் குழாயின் சுவரை ஊடுருவிக்கொண்டு வெள்ளணுக்கள் அவ்விடத்திற்கு விரைகின்றன. தாயின் கருப்பையில் குழந்தை உருவாகும் நாட்களில், கருவின் முதுகுப்புறத்திலிருந்து ஒரு கூட்டம் உயிரணுக்கள் புறப்பட்டு நெடுந்தொலைவு செல்கின்றன. அவற்றுள் சில முகத்தின் எலும்பாகின்றன. சில தோலுக்கு நிறம் தரும் அணுக்களாகின்றன. ஆக, குடிபெயர்தல் மனித சமுதாயத்திற்கு மட்டும் உரிய வழக்கமன்று.

இனி அந்தச் சுருளின் அமைப்பைக் காண்போம். ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் ஃபிளெமிங், 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில், உயிரணுக்களுக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். உட்கருவினுள் இருந்த ஒரு பொருள் சாயத்தை மிகுதியாக ஏற்றுக்கொண்டது. அதற்கு அவர் குரோமாட்டின் என்று பெயரிட்டார். நிறம் ஏற்கும் பொருள் என்பது அதன் கருத்து. டி.என்.ஏ. என்ற இழையும் அதனைத் தாங்கும் புரதங்களும் சேர்ந்ததே குரோமாட்டின் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. உயிரணு இரண்டாகப் பிரியும் வேளையில் இப்பொருள் தனித்தனித் துண்டுகளாகத் திரண்டு காட்சியளிக்கிறது. அத்துண்டுகளையே குரோமோசோம் என்கிறோம்.

மனிதனின் ஓர் உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. இழைகளை எல்லாம் நீட்டி முனையோடு முனை வைத்தால் சுமார் 2 மீட்டர் நீளம் வரும். அவற்றைத் தாங்கும் உட்கருவின் குறுக்களவோ பெரும்பாலும் 10 மைக்ரானுக்கு மேற்படாது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். பட்டுக்கூட்டின் இழை இராட்டையில் சுற்றப்படுவதை மைசூர்ப் பகுதியில் வாழ்வோர் பார்த்திருக்கக்கூடும். நீண்ட இழை சிக்காமல் இருக்க வேண்டுமாயின் அது எதன்மீதேனும் சுற்றப்பட வேண்டும். உட்கருவில் அதற்கென ஹிஸ்டோன் என்ற புரதங்கள் இருக்கின்றன. 1974-ஆம் ஆண்டில் ராஜர் கார்ன்பெர்க் இச்சுற்றின் அமைப்பை விளக்கினார். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஓர் உருளையாகின்றன; அதன்மீது டி.என்.ஏ. ஏறக்குறைய ஒன்றேமுக்கால் சுற்றுச் சுற்றுகிறது. பிறகு சிறிது தூரம் ஓடி அடுத்த உருளையைச் சுற்றுகிறது. மணிகள் கோத்த மாலை போன்ற தோற்றம் இவ்வாறு உண்டாகிறது.

இந்த மணிகளை நெருக்கிப் பிடிக்கும் கொக்கி போன்ற ஹிஸ்டோன்களும் உண்டு. பறவைகளின் சிவப்பணுக்களில் உள்ள அத்தகைய ஒரு கொக்கிக்கு ஹெச்-5 என்று பெயர். அதன் மையப் பகுதியின் வடிவத்தை 1993-இல் வெளிப்படுத்திய குழுவின் தலைவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அவர் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்து, மூன்று வயதிலேயே குஜராத்தின் பரோடாவிற்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவர். வேறோர் ஆராய்ச்சிக்காக அவர் 2009-இல் நோபெல் பரிசு பெற்றதை உலகம் அறியும். குரோமாட்டினின் கொக்கியை அவர் ஆராய்ந்த செய்தியை அறிந்தோர் சிலரே.

உட்கருவினுள் எல்லா இடத்திலும் இச்சுருள் ஒரே இறுக்கமாக இருப்பதில்லை. சில பகுதிகள் தளர்ந்து கிடக்கின்றன. சில பகுதிகள் நெருங்கிச் செறிந்திருக்கின்றன. இவ்வேறுபாட்டை 1928-இல் எமில் ஹைட்ஸ் என்பவர் தெளிவாக எடுத்துக் காட்டினார். தளர்ந்த பகுதியில் உள்ள எழுத்துகளை உயிரணு எளிதில் வாசிக்கிறது. செறிந்த பகுதி மூடி வைத்த புத்தகத்தை ஒத்தது.

இத்தகைய செறிவையும் தளர்வையும் கண்ணால் காண்பதற்கு இயற்கை அளித்த நல்வாய்ப்பு ஒன்று உண்டு. அழுகும் வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் சிறிய பழ ஈயைப் பார்த்திராதவர் இரார். அதன் புழுப் பருவத்தில், உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள குரோமோசோம்கள் மிகப் பெரிதாக வளர்கின்றன. ஓர் இழை மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட்டு, பிரியாமல் அருகருகே படிந்திருப்பதே அதன் காரணம். நுண்ணோக்கியில் வைத்தால், சேலைக் கரையில் வரிகள் ஓடுவது போலக் கருத்த பட்டைகளும் வெளிர்ந்த பட்டைகளும் மாறி மாறித் தெரியும். கருத்தவை செறிந்த குரோமாட்டின்; வெளிர்ந்தவை தளர்ந்தவை.

மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் பெயர் உலக விஞ்ஞானிகளிடையே பரவியதற்கு இந்தப் பழ ஈயும் ஒரு காரணம். 1916-இல் நாலாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தோன்றிய அப்பல்கலைக்கழகத்திற்கு 1960-இல் மானசகங்கோத்திரி என்ற புதிய வளாகம் அமைந்தது. கவிஞர் குவெம்பு சூட்டிய பெயர் அது. அங்குள்ள விலங்கியல் துறையில் பேராசிரியர் எம். ஆர். ராஜசேகர செட்டி குரோமோசோம் ஆராய்ச்சிக்கு அடிகோலினார். அவருடைய மாணவர்களும் அவர்களுடைய மாணவர்களும் அதனைத் தொடர்ந்து வளர்த்தனர். பல்வேறு பழ ஈ வகைகளை உயிரோடு பேணி ஆராய்ச்சியாளருக்கு அளிக்கும் சேகர நிலையமும் அங்கே அமைந்தது.

அவர்கள் விரும்பி ஆராய்ந்தவற்றுள் நெருங்கிய உறவுடைய இரண்டு ஈக்கள் உண்டு. ஒன்றன் பெயர் நாசுடா. மற்றொன்றன் பெயர் அல்போமிகன்ஸ். முதலாவதற்குக் குரோமோசோம்கள் எட்டு, இரண்டாவதற்கு ஆறு. எண்ணிக்கை குறைந்திருப்பதால் செய்தியும் குறைந்துவிட்டது என்று கருதலாகாது. தனித்தனியே இருந்தவை ஒன்றோடொன்று இணைந்துவிட்டதே காரணம். இவ்விரண்டையும் ஆய்வுக்கூடத்தில் கலந்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்தபோது, புதிய குரோமோசோம் சேர்க்கை உடைய வம்சங்கள் தோன்றி நிலைபெற்றன. புதிய இனங்கள் எவ்வாறு தோன்றக்கூடும் என்பதை அறிவதே இந்த ஆராய்ச்சியின் நோக்கம்.

மைசூருக்கு அருகில் உள்ள நாகரஹொளே, பந்திப்பூர்க் காடுகளில் திரியும் கேளையாடும் இதற்கு ஓர் உதாரணம். பெண் கேளையாட்டின் உயிரணுவில் ஆறு குரோமோசோம்களும், ஆண் கேளையாட்டில் ஏழும் இருப்பது 1970-இல் தெரியவந்தது. பாலூட்டிகளில் இதனினும் குறைந்த எண்ணிக்கை இதுகாறும் காணப்பட்டதில்லை. அதன் நெருங்கிய உறவினமான சீனக் கேளையாட்டிற்கோ 46 குரோமோசோம்கள்! இரண்டிலும் உள்ள டி.என்.ஏ. அளவில் வேறுபாடு சிறிதே. சரக்கு ஏறக்குறைய அதுவே. மூட்டைகளின் எண்ணிக்கை மட்டும் வேறு. பரம்பரைப் பொருளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதோடு, அது எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பதை ஈயும் கேளையாடும் நமக்குக் கற்பிக்கின்றன.

அடுக்குமுறை மாறினால் விளைவு மாறுவதற்குப் பழ ஈயின் கண்ணே சான்று. 1930-இல் ஹெர்மன் முல்லர் சில ஈக்களின் குரோமோசோம்களைக் கதிர்வீச்சினால் முறித்தார். சிவந்த கண்ணுக்குக் காரணமான ஜீன் அழியவில்லை. இடம் மட்டும் மாறி, செறிந்த குரோமாட்டினுக்கு அருகில் போய் ஒட்டிக்கொண்டது. அவ்வாறான ஈக்களின் கண்கள் சிவப்பும் வெளுப்புமாகப் புள்ளியிட்டுக் காணப்பட்டன. பக்கத்திலிருந்த செறிவு சில உயிரணுக்களில் ஜீனின் மீதும் பரவி அதனை மூடிவிட்டது. இந்தப் புள்ளிக் கண்ணைத் தொடர்ந்து ஆராய்ந்ததன் பயனாகவும், ஈயின் உடலமைப்பைக் கட்டுப்படுத்தும் வேறு ஜீன்களை ஆராய்ந்ததன் பயனாகவும், குரோமாட்டினை இறுக்கும் புரதங்கள் பல அறியப்பட்டன. அவற்றுள் சில, ஹிஸ்டோனின் குறிப்பிட்ட இடத்தில் ஒரு சிறிய இரசாயன முத்திரையைப் பதிக்கின்றன. முத்திரை விழுந்த இடத்தில் சுருள் நெருங்குகிறது. மனித உடலிலும் இதே புரதங்களின் உறவினங்கள் இருக்கின்றன. ஈயிடம் கற்றது மனிதனுக்கும் பொருந்துவது இதனால்தான்.

இனி நடைக்கு வருவோம். ஊர்ந்து செல்லும் உயிரணு, முன்புறத்தில் மெல்லிய விளிம்பு ஒன்றை நீட்டுகிறது. ஆக்டின் என்ற புரத இழைகள் அவ்விளிம்பை உந்தித் தள்ளுகின்றன. நீட்டிய விளிம்பு தரையைப் பற்றிக்கொள்கிறது. பிறகு பின்புறம் சுருங்கி, உடல் முன்னே இழுபடுகிறது. இவ்வாறு இழுபடும் உடலில் மிகப் பெரியதும் மிக விறைப்பானதும் உட்கருவே. உயிரணுவின் எலும்புக்கூடு போன்ற இழைகள் உட்கருவின் உறையோடு கயிறுபோல் பிணைக்கப்பட்டிருக்கின்றன. அக்கயிறுகளே சுமையை இழுக்கின்றன. நெடுங்காலம் விஞ்ஞானிகள் நடையை ஆராய்கையில் முன்விளிம்பையே கவனித்தனர். சுமை எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டோர் குறைவு.

அக்கேள்வியை அமெரிக்க நாட்டின் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் காபி கெர்லிட்ஸ், மைக்கேல் பஸ்டின் என்ற இருவரும் கேட்டு, 2010-இல் விடையை வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட முறை மிக எளியது. கண்ணாடித் தட்டில் இடைவெளியின்றி வளர்ந்த உயிரணுக்களின் நடுவே ஒரு கீறல் இடுவார்கள். கீறலின் கரையில் உள்ளவை காயத்தை மூடுவது போல நகரத் தொடங்கும். அப்போது அவற்றின் குரோமாட்டினைச் சோதித்தால், இழையை வெட்டும் நொதிப்பொருள் முன்போல் எளிதாக உள்ளே நுழைய முடியவில்லை. இறுக்கத்தைக் குறிக்கும் ஹிஸ்டோன் முத்திரைகளும் மிகுந்திருந்தன. புறப்படும் உயிரணு மூட்டையைக் கட்டிக்கொண்டது என்பது இதனால் தெளிவாயிற்று.

இரண்டும் ஒருங்கே நிகழ்ந்ததால் ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. ஆகையால் அவர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்தும் சோதித்தனர். சுருளைத் தளர்த்தினர், நடை மந்தமாயிற்று. சுருள் தளர்ந்தால் வேறு ஜீன்கள் வாசிக்கப்பட்டு, அதனால் நடை குறைந்திருக்கலாமே என்ற ஐயம் எழுவது இயல்பு. இவ்விளைவு ஜீன்கள் வாசிக்கப்படுவதைச் சார்ந்து நிற்கவில்லை என்பதையும் அவர்கள் காட்டினர். இக்கண்டுபிடிப்பின் சிறப்பு இங்குதான் இருக்கிறது. குரோமாட்டின் என்பது வாசிப்பதற்குரிய ஏடு என்றே நாம் எண்ணி வந்தோம். அந்த ஏட்டிற்குப் பருமனும் விறைப்பும் உண்டு. அதனைச் சுமந்து செல்வோனின் நடையை அவை பாதிக்கும் என்பது புதிய பாடம்.

இறுக்கம் நடைக்கு உதவுவது எப்படி? கயிற்றால் இழுக்கப்படும் பொதி தொளதொளவென்று இருந்தால், இழுக்கும் விசை பொதியின் உருவத்தை மாற்றுவதிலேயே வீணாகும். கட்டுக்கோப்பான பொதியோ இழுத்த திசையில் முழுமையாக நகரும். விஞ்ஞானிகள் கூறும் விளக்கங்களுள் இது ஒன்று. உட்கருவும் ஒரு வகை அழுத்தத்தின் கீழ் இருக்கும் பொட்டலமே. பெங்களூரின் தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையத்தில் ஜி. வி. சிவசங்கரும் உடனிருந்தோரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கிற்று. உள்ளே இருக்கும் சுருளின் கட்டுகளைத் தளர்த்தினால் உட்கரு விரிய முனைகிறது என்று அவர்கள் காட்டினர். 2017-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், தனியே எடுத்த உட்கருக்களை நுண்ணிய ஊசிகளால் இழுத்துப் பார்த்தார்கள். சிறிய அளவில் இழுத்தபோது அதனை எதிர்த்து நின்றது குரோமாட்டின். மிகுதியாக இழுத்தபோது எதிர்த்தது உறையின் உட்புறத்தில் உள்ள லாமின் என்ற புரத வலை. மூட்டைக்குள் இருக்கும் சரக்கும், மூட்டையைச் சுற்றிய சாக்கும் தத்தம் பங்கைச் செய்கின்றன.

ஆனால் உடலின் உள்ளே உள்ள பாதை கண்ணாடித் தட்டைப் போல் திறந்த வெளியன்று. நார்களும் இழைகளும் பின்னிய வேலிகளின் இடுக்குகளே அங்குள்ள வழிகள். எவ்வளவு குறுகிய துளையில் உயிரணு நுழையும்? உடல் வளைந்து கொடுக்கும், தடுப்பது உட்கருவே. துளையின் பரப்பு, உட்கருவின் இயல்பான குறுக்குப் பரப்பில் பத்தில் ஒரு பங்கிற்குக் குறையும்போது நடை நின்றுவிடுகிறது என்று 2013-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. விரைவில் வல்ல வெள்ளணுக்களுக்கு இயற்கை தனிப்பட்ட ஏற்பாடு செய்திருக்கிறது. அவற்றின் உட்கரு ஒரே உருண்டையாக இராமல், மெல்லிய இணைப்புகளால் தொடர்ந்த சில மடல்களாகப் பகுந்திருக்கிறது. உள்ளே குரோமாட்டின் மிகச் செறிந்திருக்கிறது. வெளியே லாமின் வலை மெலிந்திருக்கிறது. ஒரு பெரிய பெட்டியைத் தூக்குவதை விட, நான்கு சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சந்து வழியே நுழைவது எளிதன்றோ?

இத்தனையும் தெரிந்து ஆகப்போவது என்ன என்று நேயர்கள் கேட்கலாம். புற்றுநோயால் நேரும் மரணங்களிற் பெரும்பகுதிக்குக் காரணம், அந்நோய் தோன்றிய இடத்திலிருந்து புறப்பட்டுப் பிற உறுப்புகளில் குடியேறுவதே. தோன்றிய இடத்திலேயே தங்கிய கட்டியை அறுத்து நீக்க வழியுண்டு. ஊர் ஊராகப் பரவியபின் மருத்துவரின் கை தளர்கிறது. கெர்லிட்ஸும் பஸ்டினும் சோதித்தவற்றுள் சுண்டெலியின் மெலனோமா அணுக்களும் அடங்கும். மெலனோமா என்பது தோலின் நிற அணுக்களில் தோன்றும் கொடிய புற்றுநோய். கருவில் நெடும்பயணம் செய்து தோலில் தங்கிய அணுக்களின் வழிவந்தவை மீண்டும் பயணம் தொடங்குவதே அந்நோயின் கொடுமை.

பழ ஈயின் வரலாறும் இங்கே வந்து சேர்கிறது. ஈயில் முதலில் அறியப்பட்ட ஒரு ஜீன், ஹிஸ்டோனில் இறுக்க முத்திரை பதிக்கும் புரதத்தை ஆக்குகிறது. மனிதனில் உள்ள அதன் இணைக்கு ஈ.இஸட்.ஹெச்.-2 என்று பெயர். பரவிய நிலையில் உள்ள புராஸ்டேட் புற்றுநோயில் இப்புரதம் மிகுந்திருப்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழுவினர் 2002-இல் கண்டனர். கீறலிட்ட தட்டில் நகரத் தொடங்கிய அணுக்களில் மிகுந்த முத்திரைகளுள் ஒன்று, இதே புரதம் பதிக்கும் முத்திரை. ஈயை ஆராய்ந்தோர் யாரும் புற்றுநோய் மருந்தைத் தேடிச் செல்லவில்லை. ஆயினும் அவர்கள் வெட்டிய கால்வாயில் இன்று வேறொரு வயலுக்கு நீர் பாய்கிறது.

அவ்வாறாயின் சுருளைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்துப் புற்றணுக்களின் பயணத்தை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். குரோமாட்டினைத் தளர்த்தும் மருந்துகள் இருக்கவே செய்கின்றன. அவ்வகையைச் சேர்ந்த வோரினோஸ்டாட், தோலில் தோன்றும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் தளர்வுக்கு இரண்டு முகங்கள் உண்டு. தளர்ந்த உட்கரு மென்மையாகிறது; மென்மையான பொதி திறந்த வெளியில் மெதுவாக நகர்ந்தாலும், குறுகிய துளையில் நசுங்கி நுழைந்துவிடக்கூடும். அத்துடன், தளர்ந்த பகுதிகளில் அதுவரை மூடியிருந்த ஜீன்களும் விழித்துக்கொள்ளலாம்.

நசுங்கி நுழைவதிலும் ஆபத்து இருக்கிறது. 2016-இல் பாரிஸ் நகரிலும் அமெரிக்காவிலும் இருந்த இரண்டு குழுவினர் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டனர். மிகக் குறுகிய வழியில் செல்லும்போது உட்கருவின் உறை சில வேளைகளில் கிழிகிறது, உள்ளிருக்கும் டி.என்.ஏ. சேதமடைகிறது. உயிரணு அக்கிழிசலை விரைவில் தைத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்கிறது. தைக்க இயலாதது மடிகிறது. சேதத்தோடு பிழைத்ததன் எழுத்துகளில் புதிய பிழைகள் புகக்கூடும். புற்றணுவாயின் அது முன்னினும் கொடியதாக மாறவும் இடமுண்டு. ஆகவே, எந்த அணுவை, எந்த வழியில், எந்த அளவுக்குத் தடுப்பது என்பதை அறியாமல் மூட்டையை அவிழ்ப்பதும் கட்டுவதும் தீங்காக முடியலாம். காயத்தை ஆற்றும் தோலணுவும், கிருமியை விரட்டும் வெள்ளணுவும் அதே நியதியின்படிதான் நடக்கின்றன என்பதையும் மறத்தல் ஆகாது. திருடனைத் தடுக்க எல்லாச் சாலைகளையும் அடைத்தால் வைத்தியரும் வந்து சேர மாட்டார்.

இதனால் நாம் அறிய வேண்டுவது இது. உயிரின் வரலாறு எழுத்தில் மட்டும் அடங்கிவிடுவதில்லை. எழுத்தைத் தாங்கிய இழை எவ்வாறு மடிக்கப்பட்டிருக்கிறது என்பதும் அதன் விதியை வகுக்கிறது. மானசகங்கோத்திரியில் எட்டு ஆறாக இணைந்ததை எண்ணிப் பார்த்தவர்களும், கண்ணாடித் தட்டில் கீறலிட்டுக் காத்திருந்தவர்களும் ஒரே இழையின் இரண்டு முனைகளைப் பிடித்தவர்களே. அந்த அறிவு முதிர்ந்து, புறப்பட வேண்டிய அணுவைப் போகவிட்டு, புறப்படக் கூடாத அணுவை மட்டும் இருந்த இடத்திலேயே நிறுத்தும் ஆற்றலாகக் கனிய வேண்டும். அப்போதுதான் புற்றுநோய் பரவிவிட்டது என்ற சொல்லுக்கு இன்று இருக்கும் அச்சம் நீங்கும்.